உண்ணி மேல் போட்ட பழி

ஆவடி டாங்கித் தொழிற்சாலையின் காலைச் சங்கு ஊதியபோது சார்ஜ்மேன் செங்கல்வராயன் இரண்டு போர்வைக்குள் சுருண்டு, வாயில் தெர்மாமீட்டரோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சங்கு ஓய்ந்ததும் தெர்மாமீட்டரை உருவி, சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நூத்தி மூணு. மலேரியாதான், டவுட்டே இல்ல."

"நேத்து டைபாய்டுன்ன," என்றாள் மனைவி வேம்புலியம்மாள்.

"நேத்து வயிறு கனமா இருந்துச்சி. இன்னிக்கி குளுருது. குளுந்தா மலேரியா."

"நாளைக்கி வேற ஏதாச்சும் வந்தா?"

"வரட்டும். அப்ப பேர மாத்திக்கலாம்."

அது 1988, அக்டோபர் மாதம். குவார்ட்டர்ஸில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் செங்கல்வராயனைத்தான் கேட்பார்கள். அவர் நாக்கை நீட்டச் சொல்வார், கண் இமையை இழுத்துப் பார்ப்பார், ஒரு பேர் சொல்வார். மூலை மருந்துக்கடை பார்த்தசாரதி அந்தப் பேருக்குத் தக்கபடி நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். பெரும்பாலான காய்ச்சல் தானாகவே இறங்கிவிடும். நல்ல பேர் செங்கல்வராயனுக்குப் போய்ச் சேரும். அப்படிப்பட்டவருக்கே ஐந்து நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. பார்த்தசாரதி வெள்ளை மாத்திரை கொடுத்தார், மஞ்சள் மாத்திரை கொடுத்தார், கடைசியில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார். எதற்கும் மசியவில்லை.

வேறு யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் செங்கல்வராயனை அந்தக் காய்ச்சலைவிட அதிகமாக வாட்டிக்கொண்டிருந்தது. முந்தாநாள் குளிக்கும்போது வலது தொடை இடுக்கில் ஒரு புண்ணைப் பார்த்தார். யாரோ சிகரெட்டால் சுட்டது போல நடுவில் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். தொட்டால் வலியில்லை. பக்கத்தில் நெறி கட்டியிருந்தது. மின்சார ரயிலில் போகும்போதெல்லாம் சுவர்களில் பார்க்கும் விளம்பரங்கள் அவர் கண்முன் வரிசையாக ஓடின. ரகசிய நோயா? கவலை வேண்டாம், முதல் செவ்வாய்க்கிழமை லாட்ஜில் சந்திக்கவும்.

செங்கல்வராயன் எந்தத் தப்பும் செய்யாதவர். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் வேறொரு பெண்ணோடு தனியாக ஒரு டீ கூடக் குடித்ததில்லை. ஆனால் அதை நிரூபிக்க வழியில்லை. ஏனென்றால் மூன்று வாரமாக, "ஓவர்டைம்" என்று வீட்டில் சொல்லிவிட்டு, சாயங்காலம் சாயங்காலம் அவர் காணாமல் போய்க்கொண்டிருந்தார்.

போன இடம் அண்ணனூர். ஆறு வருஷத்துக்கு முன் பதிந்துவைத்த ஸ்கூட்டர் பொங்கலுக்கு வந்துவிடும் என்று கடிதம் வந்திருந்தது. குவார்ட்டர்ஸ் முழுக்க வாழ்த்துச் சொன்னது. வாலிபத்தில் தான் மோட்டார் சைக்கிளில் திருப்பதி மலையேறிய கதையை அவர் எல்லோரிடமும் பலமுறை சொல்லியிருந்தார். உண்மையில் அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. நாற்பது டன் டாங்கியைப் பிரித்துப் பூட்டுகிற மனுஷன், இரண்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்தால் மூன்றாவது விநாடி இடது பக்கமாகச் சாய்வார். ரயில் பெட்டி ஷெட்டில் வேலை பார்க்கும் சிநேகிதன் தசரதன், தன் பழைய ஸ்கூட்டரில் ரகசியமாகக் கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டான். ஷெட்டுக்குப் பின்னால், ஆள் நடமாட்டமில்லாத புதர்க் காட்டில் பயிற்சி. பேன்ட் அழுக்காகக் கூடாதென்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு செங்கல்வராயன் ஏறுவார், புதருக்குள் போய் விழுவார். தூக்கிவிட வரும் தசரதனும் கூடவே விழுவான். இருவரும் மூச்சு வாங்கப் புல்லில் கிடப்பார்கள். பிறகு மறுபடி ஏறுவார்.

தலைமுடியில் புல்லும், முழங்கையில் கீறலும், முகத்தில் புதுப் பவுடருமாக ஓவர்டைமிலிருந்து திரும்பும் புருஷனைப் பற்றி வேம்புலியம்மாளுக்கும் சில யோசனைகள் இருந்தன. அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அன்று பத்து மணிக்கு அவரை ஆட்டோவில் திணித்து, மார்க்கெட் தெருவில் இருந்த டாக்டர் ஜமீலாவின் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். ராணுவ மருத்துவப் பிரிவில் அஸ்ஸாம் பக்கமெல்லாம் வேலை பார்த்து, மேஜராக ஓய்வு பெற்றவர் அந்த அம்மாள். ஊரில் மேஜரம்மா என்றால்தான் தெரியும். அகலமான ஆண்பிள்ளை கைக்கடிகாரம் கட்டியிருப்பார். பொய் சொல்கிறவர்களைப் பார்க்கும்போது அதைத் திருகிக்கொண்டிருப்பார்.

"எத்தனை நாளா காய்ச்சல்?"

"அஞ்சு நாள் மேடம். மலேரியா."

"அதை நான் சொல்றேன். முதல் நாலஞ்சு நாள் எல்லாக் காய்ச்சலும் ஒரே யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுத்தான் வரும். தலைவலி, குளிர், உடம்புவலி. பார்த்தா ஒரே பட்டாளம் மாதிரி இருக்கும். யார் எந்த ஊர்னு கண்டுபிடிக்க நீங்கதான் எனக்கு உளவு சொல்லணும். கடந்த மூணு வாரத்துல எங்கெங்கே போனீங்க?"

"ஃபேக்டரி. உட்டா ஊடு."

வேம்புலியம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"ஏதாவது பூச்சி கடிச்சுதா?"

"கொசுதான் மேடம்."

"உடம்புல எங்கேயாவது புண், கொப்புளம்?"

"சேச்சே!"

டாக்டர் கடிகாரத்தைத் திருகினார். படுக்க வைத்துச் சட்டையை விலக்கினார். நெஞ்சிலும் வயிற்றிலும் மங்கலான சிவப்புப் புள்ளிகள். கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் சுத்தமாக இருந்தன.

"வேட்டியைக் கொஞ்சம் தளர்த்துங்க."

செங்கல்வராயனின் இரண்டு கையும் வேட்டி முடிச்சின் மேல் பாய்ந்தன. "எதுக்கு மேடம்?"

"காய்ச்சல் எங்கே ஒளிஞ்சிருக்குன்னு பார்க்க."

"அங்க ஒண்ணும் ஒளியல மேடம். நெஞ்சுலதான் கீது. நெஞ்சயே பாருங்க."

ஒரு பெண் டாக்டர் முன்னால் வேட்டியைத் தளர்த்துவதே அவருக்கு உயிர் போகிற காரியம். அதோடு தலைமாட்டில் மனைவி நின்றாள். டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். முடிச்சு இறுகியதே தவிர அவிழவில்லை.

"சரி, வீட்டுல நாய், மாடு ஏதாவது உண்டா? உண்ணி கடிச்சாலும் இப்படிப் புள்ளி வரும்."

செங்கல்வராயனுக்கு வழி திறந்தது போல் இருந்தது. "எங்க ஊட்ல இல்ல மேடம். பக்கத்து ஊட்ல ரோசின்னு ஒண்ணு கீது. ஒடம்பு பூரா உண்ணி. அத்த தெனம் மடியில வெச்சிக் கொஞ்சுவேன்."

"நீயா?" வேம்புலியம்மாள் வாய்விட்டே கேட்டாள். "அது வாசலாண்ட வந்தா குடையத் தூக்குவியேய்யா!"

"உனுக்குத் தெரியாம கொஞ்சுவேன்."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உண்ணிக் காய்ச்சல்னா புள்ளி முதல்ல மணிக்கட்டுலயும் கணுக்கால்லயும் கிளம்பும். உள்ளங்கை வரைக்கும் போகும். உங்களுக்கு நெஞ்சுலயும் வயித்துலயும் மட்டும்தான் இருக்கு. நீங்க சொல்ற கதையும் உங்க உடம்பு சொல்ற கதையும் ஒத்துப் போகலை. ரத்தம் எடுத்து அனுப்புறேன். முடிவு வர நாளாகும், வந்தாலும் தெளிவாச் சொல்லும்னு நிச்சயமில்லை. அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. இந்த மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிங்க."

அது டாக்ஸிசைக்ளின். இரண்டாம் நாள் மாலையே காய்ச்சல் இறங்கிவிட்டது. வேர்த்துக் கொட்ட எழுந்து உட்கார்ந்து, ஒரு தட்டு ரசஞ்சோறு சாப்பிட்டார். ஆண்டவன் காப்பாற்றிவிட்டான், ரகசியமும் தப்பித்தது என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் ரோசி தப்பிக்கவில்லை.

பக்கத்து வீட்டு பால்ராஜும் செலினும் தூத்துக்குடிக்காரர்கள். பால்ராஜ் தொழிற்சாலையில் வெல்டர், செலின் சர்ச் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளையில்லாத வீட்டில் அந்த வெள்ளை நாய்தான் எல்லாம். வாரம் இரண்டு முறை மருந்துச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவார்கள். உண்ணி என்ற சொல்லையே அந்த நாய் கேள்விப்பட்டிருக்காது. ஆனாலும் உண்ணிக் காய்ச்சல் என்ற செய்தி இரண்டே நாளில் ஏழு பிளாக்கையும் சுற்றி வந்துவிட்டது. சுற்றி வரும்போது நாய் கடித்ததாகவும், செங்கல்வராயன் குரைத்ததாகவும் வளர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, நலச்சங்கச் செயலாளர் வீராசாமி ஒரு மனுவோடு செங்கல்வராயன் வாசலுக்கு வந்தார். நாயை நகராட்சி வண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே இருபத்தாறு கையெழுத்து. பாதிக்கப்பட்டவரின் கையெழுத்துத்தான் பாக்கி. பின்னாலேயே ஒரு கூட்டம். செலின் ரோசியை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

"சார், நீங்க எப்ப சார் இத மடியில வச்சிய? சொல்லுங்க. ஒங்களக் கண்டாலே குலைக்கும் இது. இதப் போயி வண்டில ஏத்தப் பாக்கியளே, மனசாட்சி இருக்கா ஒங்களுக்கு?"

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. செங்கல்வராயன் பேனாவைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார். நாயை மட்டும் பார்க்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். தலை கலைந்து, மூச்சிரைக்க வந்தவள் தசரதனின் மனைவி நாகம்மா. அவரைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள்.

"அண்ணே, அவுருக்கு எட்டு நாளா ஜொரம்ண்ணே. கண்ணு ரெண்டும் செவந்து, ஆள் தெரியாம ஒளறினு கீறாரு. ராவும் பகலும் உம் பேருதான். 'அண்ணாத்தே, ப்ரேக்கப் புடி! புதரு வருது, ப்ரேக்கப் புடி!'ன்னு கத்துறாரு. மருந்துக்கடைல டைபாய்டுன்னு மாத்திரை குடுத்தாங்க, கேக்கல. மந்திரிச்சும் பாத்தாச்சி. இப்ப மூச்சு வேற இழுக்குது."

"ஊட்ல நாய் கீதா?" என்றார் வீராசாமி, மனுவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு.

"நாயும் இல்ல, பூனையும் இல்ல. இடுப்பாண்ட பீடி சுட்டாப்ல ஒரு புண்ணு மட்டும் கீது. அது இன்னா எயவுன்னே புரியல."

பீடி சுட்டது போல ஒரு புண். செங்கல்வராயனின் தொடையில் இருப்பதும் அதுதான். அவர் தப்பு செய்யாதவர், தசரதனும் தப்பு செய்யாதவன். அப்படியானால் இது ரகசிய நோயில்லை. இரண்டு பேரும் சேர்ந்து போன இடம் ஒன்றே ஒன்றுதான். அதை டாக்டரிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால், இந்நேரம் தசரதனும் ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

அவர் வீராசாமி நீட்டிய மனுவைத் தள்ளிவிட்டார்.

"அந்த நாய உடுங்கய்யா! நான் அத்தத் தொட்டதே கெடையாது."

"பின்ன உண்ணி?"

"உண்ணியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது!"

காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்று இரண்டு பேர் பின்வாங்கினார்கள். செங்கல்வராயன் நிறுத்தவில்லை. "சைக்கிள் கூடத் தெரியாது. திருப்பதி மல ஏறுனது பஸ்ல. மூணு வாரமா அண்ணனூர் ஷெட்டுக்குப் பின்னால தசரதன்தான் கத்துக் குடுத்தான். தெனம் புதர்ல வியுந்து பொரண்டோம். அவன் இடுப்புல கீற புண்ணு எனுக்கும் கீது. தொடை இடுக்குல. டாக்டராண்ட மறச்சிட்டேன்."

யாருக்கும் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை. வேம்புலியம்மாள் மட்டும் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஸ்கூட்டரா? ஓவர்டைம்னு போனது ஸ்கூட்டருக்கா? அவ பேரு இன்னாவா இருக்கும், எந்தத் தெருவா இருக்கும்னு மூணு வாரமா தூங்காம கெடந்தேனேய்யா, பாவி!"

"அப்பால திட்டுடி. மொதல்ல ஆட்டோவக் கூப்புடு."

நடக்கவே தெம்பில்லாத மனுஷன் நாகம்மாவோடும் மனைவியோடும் அண்ணனூருக்குப் போனார். தசரதனைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு மேஜரம்மா வீட்டுக் கதவைத் தட்டினார். ஞாயிறு என்றும் பாராமல் அந்த அம்மாள் கிளினிக்கைத் திறந்தார். இந்த முறை கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. புதர், புல், லுங்கி, புண் எல்லாவற்றையும் செங்கல்வராயன் ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

டாக்டர் தசரதனின் லுங்கிக் கட்டை விலக்கினார். இடுப்பில், முடிச்சு அழுத்துகிற இடத்தில் கறுப்புப் பொருக்கு.

"கடிச்சவன் இதோ போட்டிருக்கான் கையெழுத்து," என்றார். "இது நாய் உண்ணி வேலை இல்லை. புதர்ல, புல்லுல கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்கு. அதோட குஞ்சு கடிச்சா வலிக்காது, அரிக்கக்கூட அரிக்காது. ஆனா கடிச்ச இடம் இப்படிக் கருகும். துணி இறுக்கிப் பிடிக்கிற இடமாப் பார்த்துத்தான் கடிக்கும். இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு. அஸ்ஸாம்ல எத்தனை சிப்பாய்களைப் பார்த்திருக்கேன்."

அவர் திரும்பினார். செங்கல்வராயன் எதுவும் கேட்காமலேயே திரைக்குப் பின்னால் போய் வேட்டியைத் தளர்த்திக்கொண்டு நின்றார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து கை கழுவினார்.

"பொருக்கு உதிர ஆரம்பிச்சாச்சு. அதே புண்தான். உங்க அதிர்ஷ்டம், உண்ணிக் காய்ச்சலுக்கும் இதுக்கும் ஒரே மாத்திரை. அதனால நீங்க பொய் சொல்லியும் பிழைச்சீங்க. ஆனா உங்க பேச்சைக் கேட்டு எல்லாரும் நாயைச் சந்தேகப்பட்டாங்க. நாய் இல்லாத வீட்டுல இருந்த இவருக்கும் இதே காய்ச்சல்னு யாருக்கும் தோணலை. அன்னிக்கு நீங்க முடிச்சை அவிழ்த்திருந்தா, 'கூட யார் வந்தாங்க, உடனே கூட்டிட்டு வாங்க'ன்னு சொல்லியிருப்பேன். அஞ்சு நிமிஷ வேலை."

மருந்தைக் கொடுத்து, ஒரு கடிதமும் எழுதி, டாக்டர் தசரதனைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நுரையீரல் வரைக்கும் போய்விட்டது, இரண்டு நாள் தாண்ட வேண்டும் என்றார்.

அந்த இரண்டு நாளும் செங்கல்வராயன் ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவில்லை. நாகம்மா அழும்போதெல்லாம் அவருக்கு வேட்டி முடிச்சு நினைவுக்கு வந்தது. ஒரு துணி முடிச்சு. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தோமே என்று தன்னைத் தானே ஏசிக்கொண்டார். மூன்றாம் நாள் காலை தசரதனுக்குக் காய்ச்சல் இறங்கியது. கண்ணைத் திறந்து, கட்டிலருகில் நின்றவரை வெகுநேரம் பார்த்தான்.

"அண்ணாத்தே," என்றான் ஈனசுரத்தில். "வண்டிக்கு இன்னா ஆச்சி?"

செங்கல்வராயன் அழுதுவிட்டார். நாற்பத்தேழு வயதுக்காரர் தேம்பித் தேம்பி அழுவதைப் பார்த்து நர்ஸ் ஓடி வந்து, "பேஷன்ட் நல்லாத்தானே இருக்காரு?" என்று இரண்டு முறை கேட்டாள்.

அடுத்த ஞாயிறு நலச்சங்கக் கூட்டத்தைக் கூட்டி, வீராசாமி மறுபடி ஒரு மனு எழுதினார். ஷெட்டுக்குப் பின்னால் புதரை வெட்டச் சொல்லி நகராட்சிக்கு. அங்கே ஆடு மேய்க்கப் போன இரண்டு பேருக்கும் அதே காய்ச்சல் என்று தெரிந்து, மேஜரம்மா அவர்களைக் கூப்பிட்டு மருந்து கொடுத்திருந்தார். இம்முறை கையெழுத்து நூற்றைத் தாண்டியது. முதல் கையெழுத்து செலினுடையது. செங்கல்வராயன் எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள், "போனாப் போவுது சார், ஆனா இனிமே பேர் சொல்லுதப்போ பாத்துச் சொல்லுங்க," என்றாள். ரோசி மன்னித்ததாகத் தெரியவில்லை. கூட்டம் முடியும்வரை அவரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது.

யாரோ, "நாலு வார்த்த பேசுங்க சார்," என்றார்கள். செங்கல்வராயன் எழுந்தார்.

"காய்ச்சலு எல்லாம் மொதல்ல ஒரே மாரிதான் இருக்கும். நானும் பார்த்தசாரதியும் பேர் வெச்சிகினு இருந்தோமே, அதெல்லாம் சும்மா. இனிமே எங்கிட்ட நாக்க நீட்டாதீங்க. டாக்டராண்ட போங்க. எங்க போனீங்க, எது கடிச்சுது, எங்க புண்ணு, மூணுத்தையும் மறைக்காம சொல்லுங்க. எனுக்குத் தொடை இடுக்குல..."

முன்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், கூட்டம் முழுவதும் சிரித்தது. பால்ராஜ் சிரித்தார், வீராசாமி மனுவால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார், வேம்புலியம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். செங்கல்வராயன் அது அடங்கும்வரை பொறுமையாக நின்றார்.

"சிரிச்சிட்டீங்களா? இந்தச் சிரிப்புக்குத்தான் நான் பயந்தேன். அரை நிமிஷம் கூட இல்ல. இப்ப இன்னா ஆயிடுச்சி எனுக்கு? ஒண்ணும் ஆவல, முழுசா நிக்கிறேன். இந்த அரை நிமிஷத்துக்குப் பயந்துகினு ஒரு மனுசன் உசுரையே குடுத்திருப்பேன். டாக்டர் கையில ஊசி கீது, டார்ச்சு கீது. நாம வாயத் தொறக்காம மனசுக்குள்ள எட்டிப் பாக்குற மிசினு அவங்களாண்ட இல்ல. வெக்கத்த வெளியில செருப்போட கயிட்டி வெச்சிட்டு உள்ள போங்க. திரும்பி வரும்போது மாட்டிக்கலாம், எவனும் திருடிகினு போவ மாட்டான்."